கொள்ளைநோய்க் காலத்தில் கடல் கடந்து வாழ்ந்தோர்



பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்வது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. வெளிநாட்டுக்கு ஒருவரையேனும் அனுப்பாத வீடு நம் மஹல்லாக்களில் அரிது. சாதாரண நாட்களில் அப்பிரிவு ஒரு துயரம். கொள்ளைநோய் பரவும் காலத்திலோ அது பெரும் சோதனை. அங்கேயே இருப்பதா, ஊர் திரும்புவதா? ஊரில் பெற்றோருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? இக்கேள்விகளை நமக்கு முன் வாழ்ந்தோரும் சந்தித்திருக்கிறார்கள்.

இருந்த இடத்தில் நிலைத்தவர்

ஹிஜ்ரி 18, அதாவது கி.பி. 639இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. ஷாமை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்ஃக் என்னுமிடத்தில் இச்செய்தி கிடைத்தது. தோழர்களுடன் கலந்து பேசித் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அவ்வேளையில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் ஒரு நபிமொழியை நினைவூட்டினார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையக்கூடாது. தாம் இருக்கும் ஊரில் அது பரவிவிட்டால் அதற்கு அஞ்சி அங்கிருந்து வெளியேறவும் கூடாது என்பதே அதன் கருத்து. புகாரியில் இது பதிவாகியுள்ளது.

மக்காவில் பிறந்து, ஷாமில் பொறுப்பு வகித்துவந்த அபூ உபைதா (ரலி) அவர்களை மதீனாவுக்கு வருமாறு உமர் (ரலி) கடிதம் எழுதி அழைத்தார்கள். தம்மைக் காப்பாற்றவே அழைக்கிறார்கள் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். தம்முடன் இருக்கும் படையினரை விட்டுவிட்டுத் தாம் மட்டும் வர மனமில்லை எனப் பதில் அனுப்பினார்கள். அந்நோயிலேயே அவர்கள் மறைந்தார்கள்.

மதுரையில் ஒரு மொராக்கோ நாட்டவர்

அடுத்து, ஏழு நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த ஒருவரின் வாழ்வைப் பாருங்கள். மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்தவர் இப்னு பதூதா. 1325இல், தம் 21ஆம் வயதில், பெற்றோரைப் பிரிந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அவர் தாயகம் திரும்ப 24 ஆண்டுகள் ஆயின. டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கிடம் காழியாகப் பணியாற்றினார். மாலத்தீவிலும் காழியாக இருந்தார். இன்றைய சொல்லில் கூறினால், வெளிநாட்டில் வேலை பார்த்தவர்.

1344ஆம் ஆண்டளவில் அவர் நம் தமிழ் மண்ணில், மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தார். அங்கே கொள்ளைநோய் பரவியது. நோயுற்றவர் இரண்டு மூன்று நாட்களில், மிஞ்சினால் நான்காம் நாளில், மாண்டனர். வெளியே சென்றால் கண்ணில் படுவோர் நோயாளிகளும் மையித்துகளுமே என அவர் குறித்துவைத்துள்ளார். ஒரு பெண் நலமாயிருந்த தன் சிறுவனுடன் உதவி கேட்டு வந்தாள். மறுநாள் அதே சிறுவனுக்குக் கஃபன் கேட்டு வந்தாள். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. நம் நாட்டுப் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று. அதன்பின் அல்லாஹ் தமக்கு ஷிஃபா அளித்தான் என்கிறார். அந்நிய ஊரில், உறவினர் எவரும் அருகில் இன்றிக் காய்ச்சலில் கிடந்தவரின் நிலையை, வளைகுடாவின் அறைகளில் தனித்துக் கிடந்த நம் பிள்ளைகள் நன்கறிவார்கள்.

பணம் சென்றது, செய்தி வரவில்லை

பல்லாண்டுகளுக்கு முன் டமாஸ்கஸில் அவர் ஒரு பெண்ணை மணந்து, கர்ப்பிணியாக விட்டுவந்திருந்தார். ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது அவருக்கு எட்டியது. குழந்தையின் பாட்டனாருக்கு 40 பொன் தீனார்கள் அனுப்பிவைத்தார். 1348இல் டமாஸ்கஸ் திரும்பி மகனைப் பற்றி விசாரித்தார். அவன் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன! தந்தை மறைந்து 15 ஆண்டுகள் ஆயின என்பதும், தாய் உயிருடன் இருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தன.

அவ்வாண்டின் கோடையில் ஷாம் முழுவதும் பெருங்கொள்ளைநோய் பரவியது. அவர் சென்ற நாளன்று ஹிம்ஸ் நகரில் மட்டும் சுமார் 300 பேர் இறந்தனர். டமாஸ்கஸ் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, குர்ஆனைக் கையில் ஏந்தி, வெறுங்காலுடன் நடந்து துஆச் செய்தனர். யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களுடன் வந்து அழுது நின்றனர். காஸாவின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது.

அவர் எகிப்து வழியே சென்று மீண்டும் ஹஜ் செய்துவிட்டு, 1349இல் தாயகம் நோக்கி விரைந்தார். ஃபாஸ் நகரை அடையுமுன், தாஸா என்னும் ஊரில், தாய் அதே கொள்ளைநோயில் இறந்துவிட்ட செய்தி அவர் செவியில் விழுந்தது. தாஞ்சியர் சென்று தாயின் கப்ரைத்தான் அவரால் காண முடிந்தது.

நமக்குரிய பாடம்

2020இல் கொரோனா பரவியபோது மார்ச் மாதம் விமானங்கள் நின்றன. மே 7 முதலே சிறப்பு விமானங்களில் நம்மவர் திரும்பத் தொடங்கினர். அதற்கிடையில் தந்தையின் ஜனாஸாவைக் கைப்பேசியில் பார்த்த மகன்கள் உண்டு. அயல்நாட்டு மண்ணில் மகன் அடக்கப்பட்டதை இங்கிருந்து பார்த்து அழுத தாய்மார்களும் உண்டு. அவர்களில் எவரும் குற்றவாளியல்லர். நோய் பரவிய ஊரில், அல்லாஹ் விதித்ததன்றி எதுவும் தம்மை அணுகாது என நம்பிப் பொறுமையுடன் தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்பது நபிகளார் (ஸல்) அளித்த நற்செய்தி. வர இயலாமற்போன பிள்ளையைக் குறைகூறும் உறவினரே, இதை எண்ணிப் பாருங்கள்!

வெளிநாட்டில் வாழும் சகோதரரே! இப்னு பதூதாவின் காலத்தில் ஒரு மரணச் செய்தி வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. உமக்கோ ஒரு நொடி போதும். ஆயினும் மாதாமாதம் பணம் சென்றுவிடுகிறது, தாயின் குரலைக் கேட்கத்தான் நேரமில்லை என்றால் அதற்கு யார் பொறுப்பு? நோய் வந்தபின் அழைப்பதை இன்றே அழைத்துவிடுங்கள். ஊரிலிருப்போரே! பிள்ளைகள் அயலகத்தில் இருக்கத் தனித்து வாழும் முதியோரின் கதவைத் தட்டி நலம் கேளுங்கள். அண்டை வீட்டாருக்கு அது கடமை.

நோயிலும் பிரிவிலும் பொறுமையை அளித்து, பிரிந்தோரை நலமுடன் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.