வன்னி வீதியும் வண்டியின் வில்லும்

1905ஆம் ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் ஏற்கச் சென்ற லெனாட் வூல்வ் என்னும் இளைஞர் அனுராதபுரத்தில் புகையிரதத்தை விட்டு இறங்கவேண்டியிருந்தது. அங்கிருந்து ஆனையிறவு வரை வன்னிக் காட்டினூடே சென்றது தபாற் கோச்சு. பெயர்தான் பெரிது, உண்மையில் அது மாட்டுவண்டி. தபாற் பைகளே பிரயாணிகளுக்குப் படுக்கை. குலுக்கலைத் தாங்க வேறென்ன இருந்தது? அவ்வாண்டு ஓகஸ்டில் இருப்புப்பாதை இணைந்தது. ஆயினும் வீதியை விட்டு விலகிய குளத்தோரக் கிராமங்களுக்குக் குலுக்கல் நீங்கவில்லை.

1948இல் இங்கிலாந்தில் தோன்றிய லாண்ட் றோவர் உருக்குத் தகடுகளை அடுக்கிய வில்லின்மேல் நின்றது. இத்தகைய வண்டியில் நெல்மூட்டை ஏற்றினால் பின்புறம் தாழும். கடினமான வில்லை இட்டாலோ வெறுவண்டி துள்ளும். இவ்விரு தொல்லைக்கும் நடுவே வந்ததே காற்றடைத்த அதிர்வுத்தாங்கி. பாரத்துக்கேற்பக் காற்றை ஏற்றலாம், இறக்கலாம். 1970இல் வெளிவந்த றேஞ்ச் றோவரின் பின்னச்சில் தானே மட்டம் காக்கும் கருவி இருந்தது. 1992இல் அவ்வினத்தில் உருக்கு வில்லுக்குப் பதிலாகக் காற்று வில்லே புகுந்தது.

ஆனால் பிறகு பூட்டும் காற்றுத்தாங்கியில் ஓர் இடர் உண்டு. சாதாரண அதிர்வுத்தாங்கி துள்ளலை அடக்குமேயன்றிப் பாரம் சுமக்காது. காற்றேற்றியதும் பாரத்தின் ஒரு பங்கு அதனைப் பிணைக்கும் ஆணியின்மேல் விழும். பிணைப்பு வலுவற்றதாயின் முறியும். மாரியில் சேறாகும் வன்னி வண்டிப்பாதையில் இறங்குமுன் சாரதி குனிந்து பார்க்கவேண்டியது அந்த ஆணியையே.