கடை விரித்த மென்பொருள்கள்

ஓமேகா என்றால் சுவாஹிலி மொழியில் சரக்கைப் பரப்பி வைப்பது, கடை விரிப்பது என்று பொருளாம். அந்தப் பெயரில் 2008இல் ஒரு மென்பொருள் வந்தது. விற்கிற கடை இல்லீங்க, அருங்காட்சியகக் கடை! அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் அதைச் செய்து, மூலநிரலோடு இலவசமாகவே கொடுத்துவிட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல், 2005 கத்ரீனா புயல் இரண்டுக்கும் பொதுமக்களிடமிருந்து நினைவுகளையும் படங்களையும் இணையத்தில் சேகரித்த அனுபவம் அந்த மையத்துக்கு இருந்தது. பொருள்களைப் பட்டியலிட்டு, வரிசைப்படுத்தி, கதையோடு ஒரு கண்காட்சியாக அடுக்குவதற்கு ஓமேகாவில் வழி உண்டு.

2010 வாக்கில் இன்னொன்று வந்தது, ஓப்பன் எக்ஸிபிட்ஸ். நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ஐடியம் நிறுவனம், அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் செய்தது. பெரிய தொடுதிரை மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நின்று ஒரே நேரத்தில் தொட்டுப் பார்க்கும் காட்சிகளை இதில் உருவாக்கலாம். ஆனால் ஒரு சிக்கல். நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது, அது நின்ற தரையோ அடோபியின் பிளாஷ். 2020 டிசம்பர் 31உடன் அடோபி பிளாஷ் பிளேயருக்கு முழுக்குப் போட்டது. வாடகை நிலத்தில் சொந்த வீடு கட்டினால் என்ன ஆகும் என்பது காமர்ஸ் படித்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவில் மத்திய அரசு அருங்காட்சியகங்களுக்கு புனே சி-டாக் செய்த 'ஜதன்' இருக்கிறது. 2014இல் வந்த தேசிய இணையதளத்தில் முதலில் சேர்ந்தவை 10 அருங்காட்சியகங்கள். எழும்பூர் அதில் இல்லை. அது மாநில அரசுடையது என்பதுதான் விஷயம்.

தமிழில் உருப்படியான உதாரணம் வேண்டுமென்றால் ஈழத்துப் பக்கம்தான் போகவேண்டும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பல். ஓலைச்சுவடிகளும் அதில் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடி எரிந்தால் எரிந்ததுதான், எந்த இன்சூரன்ஸும் அதைத் திருப்பித் தராது.

2005இல், அதாவது ஓமேகா வருவதற்கு 3 வருடம் முன்பே, சில தன்னார்வலர்கள் சேர்ந்து 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள், இதழ்கள், பத்திரிகைகள், கல்யாண மலர் முதல் நினைவு மலர் வரை ஸ்கேன் செய்து இணையத்தில் வைப்பது. இதற்கு அவர்கள் பிடித்துக்கொண்டது மீடியாவிக்கி. விக்கிபீடியாவுக்காக எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் அது, நூலகத்துக்காகச் செய்ததே இல்லை. ஆனாலும் ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம், எழுத்தாளர், ஆண்டு, பதிப்பகம் என்று பகுப்புகள்... அழகாகவே பொருந்தியது. ஆவணங்களின் எண்ணிக்கை இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

புகைப்படம், வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவு, சுவடிப் படம் என்று வந்தபோது விக்கி போதவில்லை. அதற்காக 'ஆவணகம்' என்ற இன்னொரு தளம், ஐலண்டோரா என்ற திறமூல மென்பொருளில் எழுந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம் கைகொடுத்தது. ஐலண்டோரா பிறந்ததும் கனடாவில்தான். 2006இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில். ஒரு தீவில் எழுதிய நிரல் இன்னொரு தீவின் நினைவுகளைச் சுமக்கிறது! தொடுதிரை மேசை இல்லை, முப்பரிமாண ஜாலமும் இல்லை. ஆனால் ஒரு பாட்டியின் குரலைத் தேடி எடுத்து, வீட்டிலிருந்தே கேட்கலாம்.

இலவசம் என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வரவு செலவுக் கணக்கில் லைசென்ஸ் கட்டணம் என்ற ஒரு வரிதான் பூஜ்யம். சர்வர், ஸ்கேனர், பக்கம் பக்கமாகப் புரட்டி ஸ்கேன் செய்யும் ஆளின் சம்பளம் எல்லாம் நன்கொடையில்தான் ஓடவேண்டும். ஆனால் நாளை ஒரு நிறுவனம் கடையைச் சாத்தினாலும் நிரலின் பிரதி கையில் இருக்கும். கோப்புகளையும் பல நாடுகளில் நகல் எடுத்து வைக்கலாம். 1981இல் இல்லாமல் போனது அந்த நகல்தானே.

கரையான்சாவடியில் பஸ் ஏறி பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒரு பத்தை மட்டும் ஒரு கல்லூரி வகுப்பு எடுத்துக்கொண்டு, அனுமதி வாங்கி, தமிழில் கதையெழுதி இணையத்தில் அடுக்க நினைத்தால் ஓமேகா போதும். அதற்குத் தேவை பிஎச்பி, மைஎஸ்கியூஎல் உள்ள ஒரு சாதாரண சர்வர். வேர்ட்பிரஸ் வலைப்பூ ஓடுகிற இடத்தில் பெரும்பாலும் இதுவும் ஓடும்.