எல்லைக்கோடு காக்காத மண்: பீக் டிஸ்ட்ரிக்ட் மேட்டுநில மீட்பின் வரலாறு

இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கு இடையே அமைந்த பீக் டிஸ்ட்ரிக்ட், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குத் தேசியப் பூங்கா என்பது அரசுக் காடன்று. ஊர்களும் மேய்ச்சல் நிலங்களும் தனியார் உடைமைகளும் சேர்ந்த நாட்டுப்புறம். 1932 ஏப்ரல் 24 அன்று தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறிய தொழிலாளர்கள் கேட்டது நடக்கும் உரிமையை; சட்டமும் அதற்கிணங்க இயற்கை எழிலையும் மக்கள் சென்றுவரும் வழியையுமே முதன்மையாகக் கருதியது. காலடியில் இருந்த மண் ஏற்கெனவே சிதைந்துகொண்டிருந்தது என்பது அச்சட்டத்தின் பார்வைக்குள் வரவில்லை.

அந்த மண் பீட் எனப்படுவது. ஸ்பாக்னம் என்னும் பாசி மழைநீரைத் தன்னுள் தேக்கிவைக்க, காற்றுப் புகாத அந்த ஈரத்தில் இறந்த தாவரங்கள் முழுமையாக மட்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான கரிமச் செறிவுள்ள மண் அது. இப்பாசி தனக்கு வேண்டிய ஊட்டத்தை மழையிலிருந்தும் காற்றிலிருந்துமே பெறுவதால், தொழிற்புரட்சிக்குப் பின் ஆலைகளின் நிலக்கரிப் புகையில் கலந்துவந்த கந்தகத்தையும் சேர்த்தே உட்கொண்டு பரவலாக அழிந்தது. மிகையான ஆட்டு மேய்ச்சலும் தீயும், 1965-இல் திறக்கப்பட்ட பென்னைன் வழி நடைபாதையில் சென்றோரின் மிதியும் எஞ்சிய தாவரப் போர்வையைக் கிழிக்க, மண் வெறுமையாகி ஆழமான நீரரிப்புப் பள்ளங்கள் உண்டாயின. பள்ளம் நீரை வடிக்க, உலர்ந்த பீட் காற்றுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட்டது. ஆலைப் புகையால் அதில் படிந்திருந்த ஈயமோ அரித்த மண்ணோடு நீர்த்தேக்கங்களை நோக்கி நகர்ந்தது.

இச்சிதைவை முறையாகப் பதிவுசெய்த மேட்டுநில அரிப்பு ஆய்வின் முதல் அறிக்கை 1981-இல் வெளியானது. அடுத்த ஆண்டு கிண்டர் ஸ்கவுட்டை வாங்கிய நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை ஆடுகளை வெளியேற்ற முயன்றபோது, சரிவுகளில் புல் மெல்லத் திரும்பியது. ஆனால் உச்சிச் சமவெளிகளின் பெரும்பகுதி வெறுமையாகவே நின்றது. குளிர்காலத்தில் உறைபனி மேல்மண்ணைத் தூக்கித் தளர்த்துவதும், கோடையில் அது பொடியாகிப் பறப்பதும், கடும் அமிலத்தன்மையும் சேர்ந்து நாற்றை வேரூன்ற விடாமையே இதற்குக் காரணம். தீங்கை நிறுத்தினால் இயற்கை தானே மீளும் என்ற பாதுகாப்புச் சிந்தனையின் அடிப்படை நம்பிக்கை இந்த உச்சிகளில் பொய்த்தது என்றே கொள்ள வேண்டும்.

2003 ஏப்ரலில் பிளீக்லோ மேட்டில் பெருந்தீ பரவிய அதே ஆண்டில், பூங்கா ஆணையம், நேஷனல் டிரஸ்ட், குடிநீர் நிறுவனங்கள் முதலியவை இணைந்த 'மூர்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர்' என்னும் கூட்டமைப்பு பணி தொடங்கியது. வெட்டி நறுக்கிய ஹெதர் புதரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து வெறுமண்ணின்மேல் பரப்பி, செங்குத்தான ஓரங்களைச் சணல் வலையால் போர்த்தி, சுண்ணாம்பும் உரமும் இட்டுப் புல் விதைத்தனர். அமிலமும் ஊட்டக் குறைவுமே இயல்பான சதுப்பில் சுண்ணாம்பிடுவது முரணாகத் தோன்றலாம். எனினும் அப்புல் சில ஆண்டுகளுக்கு மண்ணைக் கட்டிப்பிடித்துத் தாங்கும் செவிலிப் பயிர் மட்டுமே. உரத்தின் வீரியம் குறையக் குறைய அது பின்வாங்கி, ஹெதருக்கும் பருத்திப்புல்லுக்கும் இடம்விடுகிறது. இத்திட்டத்தின் உண்மையான அறிவு இந்த வரிசைமுறையில்தான் உள்ளது: மண் நிலைத்த பின்னரே, பள்ளங்களுக்குக் குறுக்கே கல்லாலும் மரத்தாலும் சிறு தடுப்புகளிட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, ஈரம் திரும்பிய இடத்தில் ஸ்பாக்னத்தை நடுவது பயன் தரும்.

2010 முதல் ஐரோப்பிய ஒன்றிய நிதியும் சேர்ந்ததால் பணி விரிவடைந்தது. மீட்கப்பட்ட சிற்றோடைகளில் மழைவெள்ளத்தின் உச்சம் தணிந்து, தாமதித்து வந்ததை அளவீடுகள் காட்டின. அடிவாரத்து ஊர்கள் இப்பணியைத் தம்முடையதாகக் கருத இதுவே வலுவான காரணமாகும். எனினும் தீயின் ஆபத்து நீங்கவில்லை: 2018 ஜூனில் இப்பகுதியின் சாடில்வொர்த் மேட்டுநிலம் எரிந்தது. 2021-இல் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட ஆழ்ந்த பீட் நிலங்களில் உரிமமின்றித் தாவரங்களை எரிப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. கந்தகப் புகை பெரிதும் குறைந்துவிட்ட போதிலும், ஊர்திகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் எழும் நைட்ரஜன் மாசு பூங்காவின் எல்லையைக் கடந்து இன்றும் இந்த மேடுகளில் படிந்துவருகிறது.