வெளித்தெரியா நொண்டல்: சவாரிக் குதிரையின் கால்நோய் அறிதல் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வீக்கமோ காயமோ இன்றிச் சவாரிக் குதிரையின் முன்னங்காலில் தோன்றும் மெல்லிய நொண்டல், ஐரோப்பியக் குதிரை மருத்துவத்தை நெடுங்காலம் குழப்பியது. வலியை மறைக்கக் கையாளப்பட்ட நரம்புத் தடையே பின்னர் வலியின் இடத்தை அறியும் முறையாக மாறியதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குதிரை மருத்துவம், நொண்டல், குளம்பு, நாவிகுலர் எலும்பு, நரம்புத் தடை.

முன்னுரை

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் குறித்து நூல் எழுதிய கிரேக்க அறிஞர் செனபோன், குதிரை வாங்குவோர் முதலில் பாதத்தை ஆராய வேண்டும் என்றார். அடித்தளம் உறுதியற்ற வீட்டைப் போன்றதே பாதம் கெட்ட குதிரை என்பது அவர் கருத்து. ஆயினும் பாதத்தின் உட்பகுதி கடினமான குளம்பு ஓட்டினுள் மறைந்திருக்கிறது. அங்கு எழும் வலியைப் பெரும்பாலும் நடையைக் கொண்டே உணர இயலும். ஒரு முன்னங்கால் நோகுமாயின், அக்கால் தரையில் ஊன்றும்போது குதிரை தலையை உயர்த்தும். இரு முன்னங்கால்களும் ஒரே அளவில் நோகுமாயின் அவ்வசைவும் புலப்படாது. அடிகள் குறுகுவதே அடையாளமாக எஞ்சும்.

தோளிலிருந்து பாதத்திற்கு

இவ்வாறு நொண்டும் குதிரையின் தோள்தசைகள் காலப்போக்கில் மெலியும். இவ்விளைவையே காரணமெனக் கொண்ட பழைய மருத்துவர்கள், நோய் மார்பிலும் தோளிலும் இருப்பதாகக் கருதி அவ்விடங்களுக்கே சிகிச்சை அளித்தனர். 1761இல் பிரான்சின் லியோன் நகரிலும் 1791இல் லண்டனிலும் கால்நடை மருத்துவக் கல்விக்கு நிறுவனங்கள் உருவாயின. உடற்கூறாய்வு முறையான கல்வியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் கால்நடை மருத்துவர் ஜேம்ஸ் டர்னர், நொண்டிய குதிரைகளின் பாதங்களை அறுத்து ஆராய்ந்தார். குளம்பினுள் படகு வடிவில் அமைந்த நாவிகுலர் எனும் சிற்றெலும்பும், அதன்மீது உராயும் தசைநாணும் சிதைந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆனால் இச்சான்று குதிரை இறந்த பின்னரே கிடைத்தது.

மறைப்பும் வெளிப்பாடும்

அதே காலத்தில் லண்டன் கல்லூரியின் வில்லியம் சீவெல், பாதத்திற்குச் செல்லும் நரம்பை அறுக்கும் சிகிச்சையைப் பரப்பினார். குதிரை நொண்டாமல் நடந்தது; நோயோ உள்ளே தொடர்ந்தது. உணர்விழந்த பாதத்தில் ஆணி தைத்தாலும் குதிரை அறியாது. சிதைந்த தசைநாண் அறுந்துபோகும் இடரும் இருந்தது. இத்தகைய குதிரையை நலமுள்ளதென விற்பது வழக்குகளுக்கும் இடமளித்தது.

1884இல் கோக்கெயினின் மரத்துப்போகச் செய்யும் பண்பு கண் அறுவையில் பயன்படுத்தப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் குதிரை மருத்துவமும் அதனை ஏற்றது. நரம்பை அறுப்பதற்கு மாறாக, ஊசி மருந்தால் சிறிது நேரம் மட்டும் மரக்கச் செய்ய முடிந்தது. நொண்டல் நீங்கினால் வலி அப்பகுதியைச் சார்ந்தது எனக் கொள்ளலாம். நீங்காவிடின் மேற்பகுதியைச் சோதிக்கலாம். ஒரு காலை மரக்கச் செய்தபின் மறுகாலின் நொண்டல் வெளிப்படுவதும் உண்டு. இவ்வாறு மறைப்புக்குரிய செயலே வினாவாக மாறியது.

1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது. மென்திசுக்களைத் தெளிவாகக் காட்டவில்லை. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. படங்கள், நாவிகுலர் நோயெனக் கருதப்பட்ட பலவற்றில் தசைநாண் காயமே முதன்மையானது என உணர்த்தின.

முடிவுரை

மெல்லிய நொண்டலைக் கணிப்பதில் தேர்ந்த மருத்துவர்களிடையேயும் இன்றுவரை கருத்து வேறுபாடு நிலவுகிறது. அதனாலேயே தலை, இடுப்பு அசைவுகளை அளக்கும் உணரிகள் புழக்கத்திற்கு வந்துள்ளன. வலி நிவாரணி உண்ட குதிரை நேராக நடப்பது, நரம்பறுத்த குதிரை நடந்ததற்கு ஒப்பானதாகலாம். நொண்டல் குதிரை தன் வலியைத் தெரிவிக்கும் வழியாகும். காரணம் அறியுமுன் அதனை அடக்குவது நோயை மேலும் மறைப்பதாகவே முடியும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.