விண்டோஸ் விஸ்டா ஒத்திசைவுச் சிக்கல்கள்

விண்டோஸ் விஸ்டா ஒத்திசைவுச் சிக்கல்கள் என்பன, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்திற்கு மாறிய கணினிகளில், முன்னர் விண்டோஸ் எக்ஸ்பியில் குறையின்றி இயங்கிவந்த வன்பொருட்களும் மென்பொருட்களும் இயங்க மறுத்த அல்லது பகுதியளவே இயங்கிய நிலையைக் குறிக்கும். விஸ்டா ஜனவரி 30, 2007 இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த ஓராண்டிலேயே இச்சிக்கல்கள் மிகுதியாக உணரப்பட்டன. அச்சுப்பொறி, வருடி, ஒலி அட்டை, வரைகலை அட்டை ஆகியவற்றில் தொடங்கி, கணக்கு மென்பொருள், நச்சுநிரல் தடுப்பு மென்பொருள், கணினி விளையாட்டுகள் வரை இவை பரவியிருந்தன. இயங்காமற்போன சாதனங்களில் பெரும்பாலானவை பழுதடைந்தவை அல்ல. இயங்குதளம் அவற்றுடன் பேசும் முறையே மாறியிருந்தது. இதனைச் சரிசெய்ய வேண்டியவர் இயங்குதளத்தை ஆக்கியவரா, சாதனத்தை உற்பத்தி செய்தவரா என்ற கேள்வி நீடித்திருக்க, புதிய சாதனம் வாங்கும் செலவு பயனரையே சேர்ந்தது.

பின்னணி

விண்டோஸ் எக்ஸ்பி அக்டோபர் 25, 2001 இல் வெளியானது. அடுத்த பதிப்பு லாங்ஹார்ன் என்னும் குறிப்புப்பெயரில் உருவாக்கப்பட்டு வந்தது. தொடக்கத்தில் சிறியதொரு இடைப்பதிப்பாகவே இது திட்டமிடப்பட்டது. பின்னர் வசதிகள் பெருகப் பெருகப் பணி கட்டுக்கடங்காமற் போகவே, 2004 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் விண்டோஸ் சர்வர் 2003 இன் நிரலை அடிப்படையாகக் கொண்டு வேலை மீண்டும் தொடங்கப்பட்டது. இதனால் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டாயிற்று. இவ்வளவு காலமும் மென்பொருள் எழுதுவோரும் சாதன உற்பத்தியாளரும் ஒரே இயங்குதளத்தை நம்பி வேலை செய்து பழகிவிட்டனர்.

நிரலின் இறுதி வடிவம் நவம்பர் 8, 2006 இல் முடிவுற்றது. பொது வெளியீட்டுக்கு அதன் பின் மூன்று மாதங்கள் கூட இருக்கவில்லை. வெளியீட்டு நாள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டிருந்ததால், அறிவிக்கப்பட்ட நாளைப் பலரும் நம்பவில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது.

வன்பொருள் சிக்கல்கள்

கணினியில் இணைக்கப்படும் ஒவ்வொரு சாதனத்திற்கும், டிரைவர் என்று பொதுவாக அழைக்கப்படும் இயக்கி மென்பொருள் ஒன்று தேவை. இயங்குதளம் கொடுக்கும் பொதுவான கட்டளையைக் குறிப்பிட்ட சாதனத்திற்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தருவதே இதன் வேலையாகும். விஸ்டாவில் திரைக்காட்சி, ஒலி, வலையமைப்பு ஆகிய மூன்றின் அடித்தளமும் ஏறத்தாழ முழுமையாக மாற்றி எழுதப்பட்டன. எக்ஸ்பிக்கென எழுதப்பட்ட இயக்கிகள் பல இதனால் பயனற்றுப்போயின.

வரைகலை அட்டைகளுக்குப் புதிய காட்சி இயக்கி மாதிரி ஒன்று கொண்டுவரப்பட்டது. முன்னர் காட்சி இயக்கியின் பெரும்பகுதி இயங்குதளத்தின் உட்கருவான கருனியினுள் இயங்கியது. எனவே அதில் நேரும் பிழை கணினி முழுவதையும் நீலத்திரையுடன் நிறுத்திவிடும். புதிய மாதிரியில் இயக்கியின் பெரும்பகுதி கருனிக்கு வெளியே நகர்த்தப்பட்டது. இயக்கி செயலிழந்தால் திரை ஒரு கணம் கருமையாகி மீண்டும் வரும் வசதியும் ஏற்பட்டது. இது நல்ல மாற்றமே எனினும், உற்பத்தியாளர்கள் தம் இயக்கிகளைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது. அவசரத்தில் எழுதப்பட்டவை தொடக்க மாதங்களில் அடிக்கடி தடுமாறின. பின்னர் நீதிமன்றத்தில் வெளியான மைக்ரோசாப்ட்டின் தரவுகளின்படி, 2007 இல் பதிவான விஸ்டா செயலிழப்புகளில் 28.8 விழுக்காடு என்விடியா நிறுவனத்தின் இயக்கிகளால் நேர்ந்தவை. மைக்ரோசாப்ட்டின் சொந்த நிரலால் நேர்ந்தவை 17.9 விழுக்காடு ஆகும். ஏடிஐ இயக்கிகளின் பங்கு 9.3 விழுக்காடும் இன்டெல் இயக்கிகளின் பங்கு 8.8 விழுக்காடும் ஆகும்.

ஒலியைப் பொறுத்தவரை இழப்பு வேறுவகையானது. எக்ஸ்பியில் விளையாட்டு மென்பொருட்கள் டைரக்ட்சவுண்ட் என்னும் இடைமுகத்தின் வழியாக ஒலி அட்டையின் வன்பொருளை நேரடியாகப் பயன்படுத்தின. விஸ்டா அந்த நேரடி வழியை நீக்கிவிட்டது. விலையுயர்ந்த ஒலி அட்டை வாங்கியவர்கள், பழைய விளையாட்டுகளில் அறையின் எதிரொலி, திசையறியும் ஒலி போன்றவற்றை இழந்தனர். கிரியேட்டிவ் நிறுவனம் ஆல்கெமி என்ற மென்பொருளை வெளியிட்டு இதற்கு மாற்றுவழி அமைத்தது. தன்னார்வ நிரலாளர் ஒருவர் அந்நிறுவனத்தின் இயக்கிகளைத் திருத்தி, விஸ்டாவில் கிடைக்காத வசதிகளை மீட்டு இணையத்தில் பகிர்ந்துவந்தார். 2008 மார்ச்சில் நிறுவனம் அவரை நிறுத்தச் சொன்னபோது பயனர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது.

அச்சுப்பொறிகளும் வருடிகளும் மிகப் பரவலான முறைப்பாட்டுக்கு உள்ளாயின. சில ஆண்டுகளுக்கு முன் விற்று முடித்துவிட்ட சாதனத்திற்குப் புதிய இயக்கி எழுதுவதால் உற்பத்தியாளருக்கு வருவாய் எதுவுமில்லை. புதிய அச்சுப்பொறியை விற்பதே இலாபம். எனவே பழைய சாதனங்கள் பல ஆதரவற்றவை எனக் கைவிடப்பட்டன. பழைய ஒலி அட்டைகளில் விளையாட்டுக் கைப்பிடிகளைப் பொருத்த உதவிய கேம்போர்ட் இணைப்புக்கான ஆதரவை விஸ்டாவே கைவிட்டது.

மென்பொருள் சிக்கல்கள்

எக்ஸ்பியில் வீட்டுப் பயனர்களில் பெரும்பாலோர் நிர்வாகி உரிமையுடனேயே கணினியைப் பயன்படுத்தினர். ஆகவே மென்பொருட்களும் தாம் நினைத்த இடத்தில் கோப்புகளை எழுதும் பழக்கத்தில் உருவாயின. விஸ்டாவின் பயனர் கணக்குக் கட்டுப்பாடு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நிர்வாகியாக நுழைந்தவர் இயக்கும் நிரலும் சாதாரண உரிமையுடனேயே ஓடும். கணினியை மாற்றும் செயலுக்குத் திரை மங்கி அனுமதி கேட்கும். அடிக்கடி தோன்றிய இந்தக் கேள்வி கேலிக்குள்ளானது. ஆனால் கேள்வி எழக் காரணம் பெரும்பாலும் பழைய நிரலின் பழக்கமே.

இவ்வாறான நிரல்கள் உடனே முடங்கிவிடாதிருக்க விஸ்டா ஓர் உபாயம் செய்தது. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எழுத முயலும் பழைய நிரலுக்கு அது வெற்றியடைந்ததாகக் காட்டிவிட்டு, கோப்பைப் பயனரின் தனிக் கோப்புறைக்குள் மறைவாக உள்ள விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் சேமித்தது. நிரல் ஏமாந்து இயங்கிற்று. கூடவே பயனரும் ஏமாந்தார். தாம் சேமித்த தரவு சேமித்த இடத்தில் காணப்படாததும், ஒரே கணினியைப் பகிரும் இருவர் ஒரே கோப்பின் வெவ்வேறு படிகளைக் கண்டதும் இதனாலேயே.

பதிப்பு எண்ணும் ஒரு தடையாயிற்று. விண்டோஸ் 2000 இன் உள்ளக எண் 5.0, எக்ஸ்பியினுடையது 5.1. விஸ்டாவின் எண் 6.0 ஆனது. முதல் இலக்கம் 5 தானா என்று மட்டும் பார்க்கும்படி எழுதப்பட்ட நிறுவல் நிரல்கள், இயங்கக்கூடிய நிலை இருந்தும் தாமாகவே நின்றுவிட்டன. பயனர் கோப்புகள் இருந்த டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் கோப்புறையின் பெயர் யூசர்ஸ் என்று மாறியது. உள்நுழைவு முறையும் புதிதாக அமைக்கப்பட்டதால், கைரேகை கொண்டு உள்நுழையும் மென்பொருட்கள் மாற்றி எழுதப்படவேண்டியிருந்தன. பழைய உதவிக் கோப்புகளைத் திறக்கும் நிரல் விஸ்டாவுடன் வழங்கப்படவில்லை. தேவைப்பட்டோர் அதனைத் தனியே பதிவிறக்க வேண்டியிருந்தது.

ஆப்பிள் நிறுவனம் 2007 பிப்ரவரியில், ஐடியூன்ஸ் மென்பொருள் திருத்தப்படும்வரை விஸ்டாவுக்கு மாறவேண்டாம் எனத் தன் பயனர்களுக்கு அறிவுறுத்தியது. ஐபாடைக் கணினியிலிருந்து பிரிக்கும்போது அதிலுள்ள தரவு கெடக்கூடும் என்பது அதன் எச்சரிக்கைகளுள் ஒன்று. திருத்தப்பட்ட பதிப்பு மார்ச்சில் வந்தது. மைக்ரோசாப்ட்டின் சொந்த மென்பொருட்களும் இதற்கு விலக்கல்ல. நிரலாளர்கள் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டூடியோ 2005 க்கு விஸ்டாவுக்கான தனி மேம்படுத்தல் தேவைப்பட்டது. அதற்கு முந்தைய 2002, 2003 பதிப்புகள் விஸ்டாவில் ஆதரிக்கப்படவில்லை.

தமிழ்ப் பயனர்களுக்கு ஒரு வகையில் மாற்றம் சாதகமாக அமைந்தது. எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழ் சரியாகத் தெரிவதற்குச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவல் வட்டிலிருந்து தனியே சேர்க்கவேண்டியிருந்தது. அவ்வாறு செய்யாத கணினியில் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் இடம்மாறித் தோன்றும். விஸ்டாவில் இந்த ஆதரவு இயல்பாகவே நிறுவப்பட்டிருந்தது.

64 பிட் பதிப்பு

விஸ்டாவின் 64 பிட் பதிப்பில் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. கருனியில் இயங்கும் இயக்கிகள் அனைத்தும் எண்முறைக் கையொப்பம் பெற்றிருத்தல் கட்டாயமாயிற்று. 32 பிட் இயக்கிகள் எதுவும் ஏற்கப்படவில்லை. டாஸ், விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்கள் அறவே இயங்கவில்லை. 32 பிட் நிரலாயினும் அதன் நிறுவல் நிரல் 16 பிட்டில் எழுதப்பட்டிருந்தால் நிறுவ இயலாமற் போனதுண்டு.

கருனியின் நிரலைப் பிறர் மாற்றுவதைத் தடுக்கும் பேட்ச்கார்ட் என்னும் பாதுகாப்பு, நச்சுநிரல் தடுப்பு நிறுவனங்களுடன் பெரும் மோதலை உண்டாக்கியது. சிமாண்டெக், மக்காஃபி ஆகியவற்றின் மென்பொருட்கள் கருனியில் தலையிட்டே வேலை செய்துவந்தன. 2006 அக்டோபரில் மக்காஃபி பைனான்சியல் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு எதிர்ப்புத் தெரிவித்தது. அம்மாதத்திலேயே மைக்ரோசாப்ட் முறையான இடைமுகங்களை அமைத்துத்தர இசைந்தது.

விஸ்டா கேப்பபிள் வழக்கு

வெளியீட்டுக்கு முன் 2006 இல் விற்ற எக்ஸ்பி கணினிகளின்மீது, இவை பின்னர் விஸ்டாவுக்கு மாற்றத்தக்கவை என உணர்த்தும் விஸ்டா கேப்பபிள் என்ற ஒட்டி ஒட்டப்பட்டது. இதற்கு 800 மெகாஏர்ட்சு செயலியும் 512 மெகாபைட்டு நினைவகமும் போதுமானவை. ஆனால் இத்தகைய கணினிகள் பலவற்றில், விஸ்டாவின் முதன்மைக் கவர்ச்சியாக விளம்பரப்படுத்தப்பட்ட ஏரோ என்னும் கண்ணாடி போன்ற முகப்பு இயங்கவில்லை. அவ்வசதி இல்லாத ஹோம் பேசிக் பதிப்பே அவற்றிற்கு ஏற்றதாயிருந்தது.

இதன் பேரில் 2007 இல் சியாட்டிலிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2008 பிப்ரவரியில் இது கூட்டு வழக்காக ஏற்கப்பட்டது. அதே காலத்தில் வெளியான உள்ளக மின்னஞ்சல்களே வழக்கைப் பலரும் அறியச் செய்தன. இன்டெல் நிறுவனத்தின் 915 சிப்செட்டுக்குப் புதிய மாதிரியிலான காட்சி இயக்கி இல்லாதபோதும், அச்சிப்செட் கொண்ட கணினிகள் ஒட்டியைப் பெறும்வண்ணம் தகுதிவிதி தளர்த்தப்பட்டதை அவை காட்டின. இன்டெல்லின் விற்பனைக்கு உதவவே இவ்வாறு செய்யப்பட்டதாக மைக்ரோசாப்ட் அலுவலர் ஒருவரே எழுதியிருந்தார். கூடுதல் செலவில் உயர்ந்த வரைகலை வன்பொருளைப் பொருத்திய எச்பி நிறுவனம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. மைக்ரோசாப்ட்டின் துணைத்தலைவர் மைக் நாஷ் தாம் வாங்கிய 2,100 டாலர் மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டுமே உதவுவதாகக் குறைபட்டுக்கொண்டார்.

நிறுவனத்தின் முன்னாள் தலைவரும் இயக்குநர் குழு உறுப்பினருமான ஜான் ஷெர்லி, தமது அச்சுப்பொறிக்கும் வருடிகளுக்கும் இயக்கி கிடைக்காததால் ஒரு கணினியை விஸ்டாவுக்கு மாற்றவில்லை என்று எழுதியிருந்தார். இதற்கு விண்டோஸ் பிரிவின் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி அளித்த விளக்கம், இச்சிக்கலின் காரணங்களைச் சுருக்கமாகத் தருவதாகும். விஸ்டா உண்மையில் வெளிவரும் என்று எவரும் நம்பாததால் உற்பத்தியாளர்கள் 2006 இறுதிவரை வேலையைத் தொடங்கவில்லை. காட்சி, ஒலி ஆகியவற்றின் அடித்தளம் பெருமளவு மாறிவிட்டது. எக்ஸ்பி இயக்கிகள் பல விஸ்டாவில் இயங்குவதேயில்லை என்பன அவர் கூறிய மூன்று காரணங்கள். 2009 பிப்ரவரியில் கூட்டு வழக்குத் தகுதியை நீதிமன்றம் விலக்கிக்கொண்டது.

தீர்வுகளும் எதிர்வினைகளும்

மாறுவதற்கு முன் கணினியைச் சோதிக்க அப்கிரேட் அட்வைசர் என்ற மென்பொருள் இலவசமாக வழங்கப்பட்டது. நிரலொன்றின் பண்புகள் சாளரத்தில் ஒத்திசைவு முறையைத் தேர்ந்தெடுத்தால், இயங்குதளம் தன்னை எக்ஸ்பி என்றே அந்நிரலுக்கு அறிமுகம் செய்துகொள்ளும். பதிப்பு எண்ணால் நின்ற நிரல்கள் பல இவ்வழியில் இயங்கின. இயக்கி இல்லாத சாதனத்திற்கு இது பயன்படாது.

ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்துத் துறை 2007 இல் தன் கணினிகளை விஸ்டாவுக்கு மாற்றுவதை நிறுத்திவைத்தது. பிரித்தானியாவின் கல்வித் தொழில்நுட்ப முகமையான பெக்டா, பள்ளிகள் இருக்கும் கணினிகளை மாற்றவேண்டாம் என 2008 ஜனவரியில் அறிவுரைத்தது. டெல் நிறுவனம் 2007 ஏப்ரலில் வீட்டுப் பயனர் கணினிகளில் எக்ஸ்பியை மீண்டும் வழங்கத் தொடங்கியது. ஜனவரி 2008 இல் முடியவிருந்த எக்ஸ்பி விற்பனை ஜூன் 30, 2008 வரை நீட்டிக்கப்பட்டது. முதல் சேவைப்பொதி 2008 மார்ச்சில் பொதுமக்களுக்குக் கிடைத்தபோது இயக்கிகள் பெரிதும் சீரடைந்திருந்தன. ஆயினும் பெயர் கெட்டது கெட்டதாகவே நின்றது.

பின்வந்த பதிப்புகளில்

அக்டோபர் 22, 2009 இல் வெளியான விண்டோஸ் 7, விஸ்டாவின் இயக்கி அடித்தளத்தையே பெரிதும் பின்பற்றியது. எனவே விஸ்டாவுக்காக எழுதப்பட்ட இயக்கிகள் பெரும்பாலும் அதிலும் இயங்கின. விண்டோஸ் 7 பெற்ற நற்பெயரில் ஒரு பங்கு விஸ்டா காலத்தில் செய்து முடிக்கப்பட்ட இவ்வேலையைச் சாரும். பெயரில் 7 இருந்தும் பழைய நிரல்கள் குழம்பாதிருக்க உள்ளக எண் 6.1 என்றே வைக்கப்பட்டது. விஸ்டாவுக்கான நீட்டித்த ஆதரவு ஏப்ரல் 11, 2017 இல் முடிவடைந்தது.

அக்டோபர் 5, 2021 இல் வெளியான விண்டோஸ் 11 இல் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. இங்கு இயக்கி இல்லாமை காரணமன்று, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், பட்டியலிடப்பட்ட செயலிகளுள் ஒன்றும் இல்லாத கணினிகளை மைக்ரோசாப்ட்டே தகுதியற்றவை என அறிவித்தது. விண்டோஸ் 10 க்கான ஆதரவு அக்டோபர் 14, 2025 இல் நிறைவுற்றபோது, நன்றாக இயங்கும் கணினிகள் பல இவ்விதியால் அடுத்த பதிப்புக்கு மாறவியலாத நிலையில் இருந்தன.