கோலார் ஆழத்தில் உறங்கிய கருவி

சிறிய மின்கலம் ஒன்றில் மைக்ரோகண்ட்ரோலரை ஆண்டுக்கணக்கில் இயக்க வேண்டுமெனில், அதைப் பெரும்பொழுது உறக்கநிலையில் வைத்து வேண்டியபோது மட்டும் எழுப்புவதே வழி. வன்பொருளின் குறைகள் பல வெளிப்படுவதும் இந்த உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட விளிம்பில்தான். பொய்யாக விழிப்பது ஒரு குறை. விழிக்கவேண்டிய நேரத்தில் விழிக்காமற்போவது மற்றொன்று. இச்சிக்கலுக்கு மைக்ரோகண்ட்ரோலர் பிறப்பதற்கு முந்தைய வரலாறு ஒன்று கோலார் தங்கவயலில் உண்டு.

வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக அகழ்ந்த சுரங்கங்கள் அவை. 1960களின் தொடக்கத்தில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் அங்கே பல ஆழங்களில் மியூவான்களை எண்ணினர். 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வானிலிருந்து வரும் மியூவான்கள் எட்டாத அந்த ஆழம், நியூட்ரினோவைத் தேடுவதற்கு உகந்த இடம் என்பது புலப்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இணைந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின.

கருவியின் இருபுறமும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் சுவர்கள் நின்றன. நடுவே நியான் குழாய் அடுக்குகளும் ஈயத் தகடுகளும் இருந்தன. நியான் குழாய்கள் இயல்பில் இருண்டே கிடக்கும். துகள் கடக்கும்போது சிண்டிலேட்டரில் எழும் மெல்லொளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றும். அத்துடிப்பின் ஆணையால் நியான் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் சென்ற தடம் ஒளிரும். படக்கருவி அதைப் பதியும்.

குறை ஒளிப்பெருக்கிக் குழாயில் இருந்தது. ஒளியே படாதபோதும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் வெளியேறிப் பொய்த் துடிப்புகளை எழுப்பும். வெப்பம் கூடினால் அவையும் கூடும். ஆழ்சுரங்கமோ வெப்பம் மிகுந்தது. இக்குறையை முற்றாக நீக்க இயலாது. எனவே ஆய்வாளர்கள் அதைச் சுற்றிக் கடக்கும் வழியைக் கையாண்டனர். ஒரு சுவரில் இரண்டு, எதிர்ச்சுவரில் இரண்டு என நான்கு குழாய்களும் ஒருசேரத் துடித்தாலன்றிக் கருவி விழிக்காது.

இதன் வலிமையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு விளக்கும். ஒரு குழாயில் நொடிக்கு 1,000 பொய்த் துடிப்புகள், உடன்நிகழ்வுக்கான கால எல்லை 0.1 மைக்ரோநொடி எனக் கொண்டால், ஒரு குழாயை மட்டும் நம்பும் கருவி நொடிக்கு 1,000 முறை வீணே விழிக்கும். இரு குழாய்கள் எனில் 5 நொடிக்கு ஒருமுறை. நான்கு எனில் சுமார் 8 ஆண்டுக்கு ஒருமுறை. குழாய்களின் தரம் சற்றும் உயரவில்லை. அவற்றின் சாட்சியத்தை ஏற்கும் விதி மட்டுமே மாறியது. பாறையின் கதிரியக்கம் எழுப்பும் துடிப்புகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவற்றைத் தடுக்க எதிரெதிர்ச் சுவர்களும் இடையிலிருந்த ஈயமும் துணைநின்றன.

இதே அணுகுமுறை பின்னர் மைக்ரோகண்ட்ரோலர் கையேடுகளிலும் தென்படுகிறது. ஏடிமெகா16இல் தனிப் படிகத்தால் இயங்கும் கடிகாரம் எழுப்பிய பின், அப்படிகத்தின் ஒரு சுற்று முடியுமுன் மீண்டும் உறங்கச் சென்றால், குறுக்கீட்டுச் சுற்று மீளமைவதில்லை. கருவி விழிக்காமலே போகலாம். 32,768 ஹெர்ட்ஸ் படிகத்துக்கு அந்த இடைவெளி சுமார் 30 மைக்ரோநொடி. பதிவகம் ஒன்றில் மதிப்பொன்றை எழுதி, அது புதுப்பிக்கப்படும்வரை காத்திருந்து, பிறகு உறங்கச் செல்வதே கையேடு கூறும் மாற்றுவழி. கோலாரில் தடுக்கப்பட்டது பொய் விழிப்பு. இங்கே தடுக்கப்படுவது விழியாமை. இரண்டிலும் வன்பொருள் இருந்தபடியே இருக்க, அதன் காலவியல்பை அறிந்ததே தீர்வாயிற்று.

1965 ஏப்ரலில் கோலார் கருவி தன் முதல் நியூட்ரினோ நிகழ்வைப் பதிந்தது. ஆகஸ்டில் கட்டுரை வெளியானது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ரைனஸ் குழுவினர் பிப்ரவரியிலேயே ஒரு நிகழ்வைக் கண்டிருந்தனர். அவர்களது கட்டுரை வெளிவந்ததோ கோலார் கட்டுரைக்குச் சில நாட்கள் கழித்து. 2001இல் தங்கவயல் மூடப்பட்டது. இன்று அதன் அறிவியல் வரலாற்றை எழுதுவோர், கண்டறியப்பட்ட துகளோடு, நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டு நம்பத்தகுந்த விழிப்பை அமைத்த இந்தக் கைத்திறனையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.