ஓட்டக்கள உருவகமும் விசுவாசத்தில் நிலைத்திருத்தலும்: 1 கொரிந்தியர் 9, எபிரெயர் 12

கொரிந்துவுக்குக் கிழக்கே, இஸ்த்மியாவிலுள்ள பொசைடன் கோயில் வளாகத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடந்துவந்தது. கி.மு. 146-இல் ரோமப் படை கொரிந்துவை அழித்தபின் விழாவை நடத்தும் பொறுப்பு சிக்கியோன் நகருக்குப் போயிற்று, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொரிந்துவை மீண்டும் நிறுவியபின், காலப்போக்கில் பழைய இடத்துக்கே திரும்பியது. பவுலை விசாரித்த ரோம ஆளுநர் கல்லியோனின் பதவிக்காலத்தைத் தெல்பிக் கல்வெட்டு காட்டுவதால், பவுல் கொரிந்துவில் தங்கியது ஏறத்தாழ கி.பி. 50-51 எனக் கணிக்கிறார்கள். அவர் ஒரு விழாவை நேரில் பார்த்திருக்கலாம். ஆனால் இந்த உருவகத்துக்கு அது தேவைப்படவில்லை. ஸ்டோயிக் சிந்தனையாளர்களும் அலெக்சாந்திரியாவின் ஃபிலோவும் அறவாழ்வை ஓட்டமாகவும் மல்யுத்தமாகவும் பேசிப் பழக்கியிருந்தனர். பொதுச்சொத்தான இந்த உருவகத்தை ஒவ்வொரு நிருபமும் எதற்குப் பயன்படுத்துகிறது என்பதே கேள்வி.

சோர்ந்துபோகாமல் விசுவாசத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்கு 1 கொரிந்தியர் 9:24-27-ஐ மேற்கோள் காட்டுவது வழக்கம். ஆனால் அப்பகுதியின் அழுத்தம் வேறிடத்தில் விழுகிறது. கிரேக்க விழாக்களின் முதன்மை ஓட்டம் 200 மீட்டருக்கும் குறைவானது. அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நெடுந்தூர ஓட்டமும் உண்டுதான். எனினும் பவுல் தூரத்தைப் பற்றியோ களைப்பைப் பற்றியோ பேசவில்லை. அவர் சுட்டுவது பந்தயத்துக்கு முந்தைய இச்சையடக்கத்தை. ஒலிம்பியாவில் போட்டியாளர்கள் சியுஸ் சிலையின் முன், வெட்டிய பன்றி இறைச்சித் துண்டுகளின்மேல், பத்து மாதம் பயிற்சி விதிகளைக் காத்ததாக ஆணையிட்டதைப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் பதிவுசெய்கிறார். இத்தனைக்கும் இஸ்த்மியாவில் கிடைத்த கிரீடம் பைன் கிளையிலோ செலரித் தழையிலோ கட்டியது. சில நாளில் வாடிவிடும்.

அந்த அடக்கம் எதற்கு என்பதை முன்பின் அதிகாரங்கள் காட்டுகின்றன. 8 முதல் 10 வரை பேசப்படுவது விக்கிரகங்களுக்குப் படைத்த பொருள்களை உண்ணலாமா என்பது. உண்ண உரிமை உண்டு என்று வாதிட்டவர்களிடம், பலவீனமான சகோதரனை முன்னிட்டு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் பவுல். சுவிசேஷப் பணிக்கு ஊதியம் பெறும் தம் உரிமையைத் தாமே விட்டதையும் சான்றாக்குகிறார். ஓட்டக்காரன் வருவது இந்த வாதத்தின் முடிவில்தான். பவுலின் போட்டி உருவகம் பொதுவான ஒழுக்கப் போராட்டத்தைவிட அவருடைய சுவிசேஷப் பணியையே குறிக்கிறது என்று 1967-இல் வெளியான விக்டர் ஃபிட்ஸ்னரின் ஆய்வு வாதிட்டது. பெரும்பாலும் ஏற்கத்தக்க முடிவு. ஆனால் 10-ஆம் அதிகாரம் இன்னொரு அடி எடுத்து வைக்கிறது. இஸ்ரவேலர் எல்லாரும் கடலைக் கடந்தார்கள், எல்லாரும் ஒரே உணவை உண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வனாந்தரத்தில் விழுந்தார்கள். எல்லாரும் ஓட ஒருவனே பரிசு பெறும் காட்சியின் மறுபக்கம் இது. தாமே தகுதியிழந்துவிடக்கூடும் என்ற பவுலின் அச்சம் இங்கே சபையின்மேல் திரும்புகிறது. நிலைத்திருத்தல் இந்நிருபத்தின் வாதத்துக்குள் வருவது இந்த எச்சரிக்கை வழியாகவே.

இதே உருவகத்தைக் கொண்டு பிலிப்பியர் 3 இலக்கை இன்னும் எட்டாதவனின் ஓட்டத்தைப் பேசுகிறது. 2 தீமோத்தேயு 4, பவுலே எழுதியதா என்ற சர்ச்சை ஒருபுறமிருக்க, முடித்தவனின் ஓட்டத்தை.

களைப்பு நேரடியாகப் பேசப்படுவது எபிரெயர் நிருபத்தில். அதன் வாசகர்கள் முன்பு நிந்தையையும் சொத்துப் பறிப்பையும் தாங்கியவர்கள் (10:32-34). இப்போதோ சபை கூடிவருவதையே சிலர் விட்டுவிட்டார்கள். 12-ஆம் அதிகாரத்தின் நெகிழ்ந்த கைகளும் தளர்ந்த முழங்கால்களும் பாதி வழியில் மூச்சிரைத்து நிற்பவனின் உடலைக் காட்டுகின்றன. இங்கே தோற்கடிக்க வேண்டிய போட்டியாளர் எவரும் இல்லை. சூழ்ந்து நிற்கும் சாட்சிகளும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதைப் பெறாமலே விசுவாசத்தில் மரித்தவர்கள். அதைவிட முக்கியமானது 12:13: முடமானது பிசகிப்போகாதபடி பாதைகளைச் செவ்வைப்படுத்தச் சொல்கிறார் ஆசிரியர். எந்த மைதானத்திலும் நொண்டுபவனுக்காக யாரும் பாதையைச் சரிசெய்வதில்லை. போட்டியின் விதியையே உருவகம் இங்கே மீறுகிறது. நிலைத்திருத்தல் தனி வீரனின் சாதனையாக இல்லாமல் சபையின் கூட்டுப் பொறுப்பாகிறது.

இரத்தசாட்சிகளின் காலத்தில் உருவகம் மீண்டும் தனி வீரனிடம் திரும்பியது. கி.பி. 203-இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவாவின் சிறைக்குறிப்பில், அவர் தரிசனத்தில் ஓர் எகிப்தியனோடு மல்லுக்கட்டி வென்று, பொன் ஆப்பிள்கள் கொண்ட பசுங்கிளையைப் பரிசாகப் பெறுகிறார். அதே நகரத்துத் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் விளையாட்டு அரங்குகளுக்குப் போகவே கூடாது என்று தனி நூல் எழுதியவர். சிறையிலிருந்த விசுவாசிகளைத் தேற்றி எழுதியபோது அவரும் இதே உருவகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.